சர்க்கரைத் தண்ணீரும் நாலு ஸ்பீக்கரும்

1847இல் பாரீஸில் ஒரு பாட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுக் காசு தர மறுத்தார். ஏர்னெஸ்ட் பூர்ழே என்பது அவர் பெயர். மெட்டுப் போடுகிறவர் அல்ல, பாட்டு எழுதுகிறவர். கூட இருந்தவர்கள் மெட்டுப் போடும் பாரிஸோவும் ஆன்ரியோனும். இடம் ஷான்ஸ்-எலிஸே வீதியில் 'அம்பாஸதோர்' என்கிற கஃபே. குடிப்பதற்கு மட்டுமல்ல, பாட்டுக் கேட்பதற்கும் ஜனங்கள் கூடுகிற இடம். அன்றைக்கு மேடையில் இவர்களுடைய சரக்கே பாடப்பட்டுக்கொண்டிருந்தது. பில் வந்தது. 'என் பாட்டை நீ காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டாய், உன் தண்ணீரை நான் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறேன், கணக்கு நேர்' என்பது பூர்ழேயின் வாதம். வழக்குக் கோர்ட்டுக்குப் போய் அதே வருடம் பூர்ழே பக்கம் தீர்ப்பானது, 1849இல் மேல்முறையீட்டிலும் நின்றது. 1851இல் 'சாஸெம்' என்ற சங்கம் முறைப்படி உருவானது. உலகில் எந்த மூலையிலாவது ஒரு ஓட்டல்காரன் பாட்டுக்காக லைசென்ஸ் கட்டுகிறான் என்றால் அதன் வம்சாவளி இந்தச் சர்க்கரைத் தண்ணீர் வரை போகிறது.

இந்தக் கதையை நான் முதலில் படித்தது ழாக் அத்தாலியின் 1977ஆம் வருடத்துப் புத்தகத்தில், ஆங்கில வழியாக. படித்தபோது பூர்ழே நினைவுக்கு வரவில்லை, என் தாய்மாமா நினைவுக்கு வந்தார்.

மாமா ஸ்பெஷல் நாடகங்களில் பின்பாட்டு ஆர்மோனியம் வாசித்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுக்களைத்தான் வாசிப்பார் என்றாலும், நடுநடுவே ராஜபார்ட்டுக்கும் ஸ்த்ரீபார்ட்டுக்கும் தர்க்கம் முற்றும்போது போடுவதற்கென்று சொந்தமாகச் சில மெட்டுக்கள் வைத்திருந்தார். எண்பதுகளில் கேசட் பெருகின காலத்தில் யாரோ ஒரு கம்பெனிக்காரர் வந்து 'வள்ளி திருமண'த்தை ஒரே ராத்திரியில் பதிவு பண்ணிக்கொண்டு போனார். மாமாவுக்கு நூற்றைம்பது ரூபாயும் சாப்பாடும். கையெழுத்துக்கூட வாங்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து எங்கள் ஊர் பஸ் நிலையத்து டீக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தபோது கடை டேப்ரிகார்டரில் அது ஓடியது. மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, 'மாப்ளே, அது நாந்தான்டா' என்றார். அவருடைய ஆர்மோனியம், அவருடைய மெட்டு, இடையில் அவருடைய இருமல். டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு சத்தத்தைக் கூட்டி வைத்தார். மாமா அன்றைக்கு அங்கே நின்ற எட்டுப் பேருக்கும் சேர்த்து டீக்கு அவரே காசு கொடுத்தார்.

பூர்ழே காசு கொடுக்க மறுத்தார், மாமா ஊருக்கே காசு கொடுத்தார். இரண்டுமே கஃபேயில் நடந்தவை, இரண்டிலும் படைத்தவனும் கடைக்காரனும் எதிரெதிரே நிற்கிறார்கள். முதலாவதிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது, இரண்டாவதிலிருந்து ஒன்றும் பிறக்கவில்லை. ஏன் என்ற கேள்வியோடுதான் இந்தச் சரித்திரத்துக்குள் போகிறேன்.

பிரெஞ்சுப் புரட்சியின் 1791ஆம் வருடத்துச் சட்டம், உயிரோடிருக்கும் ஆசிரியனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவன் படைப்பை எந்தப் பொது அரங்கிலும் நிகழ்த்தக் கூடாது என்றது. அது நாடக ஆசிரியர்களின் போராட்டத்தில் கிடைத்தது. 1777இலேயே பொமார்ஷே அவர்களைச் சங்கமாகத் திரட்டியிருந்தார். ஆனால் கஃபே அரங்கா? நாடகக் கொட்டகையில் டிக்கெட் உண்டு, ஒரு கணக்குப் புத்தகம் உண்டு, எனவே ஆசிரியனின் பங்கு என்று ஒன்றைப் பிரிக்கலாம். கஃபேயில் விற்பது பானம், பாட்டு காற்றில் இருப்பது. பூர்ழேயின் சாமர்த்தியம் காற்றில் இருந்ததைப் பில்லுக்குள் கொண்டுவந்ததில் இருக்கிறது. பேச்சும் எழுத்தும் தண்டனைக்கு உள்ளானபோதுதான் ஆசிரியன் என்பவன் உருவானான் என்று ஃபூக்கோ 1969இல் ஒரு சொற்பொழிவில் சொன்னார். கஃபேயின் ஆசிரியனோ தண்டனையிலிருந்து பிறக்கவில்லை, ரசீதிலிருந்து பிறந்தான். நமது சிறுபத்திரிகைகளில் ஆசிரியனின் மரணம் பற்றி எழுதித் தள்ளிய நாட்களில் (நானும் எழுதினேன், மறைக்கவில்லை) இந்த ரசீதை யாரும் எடுத்துப் பார்த்ததாக நினைவில்லை. பார்த் ஆசிரியனைக் கொன்ற பிறகும் அவன் பெயரில் மாதாமாதம் வசூல் நடந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று கலைஞர்கள் மட்டும் சேர்ந்து சங்கம் கட்டிவிடவில்லை. பின்னால் பணம் போட்டவர் கொலம்பியே என்ற பதிப்பாளர். ஏழைப் படைப்பாளி முன்னால் நிற்கிறான், பதிப்பாளர் அவன் நிழலில் நிற்கிறார். இந்தக் காட்சி பின்னால் வேறு வேறு ஊர்களில் திரும்பத் திரும்ப வரும்.

*

இங்கிலாந்தில் இது கேலிக்கூத்தாக நடந்தது. 1833ஆம் வருடத்துச் சட்டம் நாடகங்களுக்கு நிகழ்த்துரிமை கொடுத்தது, 1842இல் அது இசைக்கும் நீட்டப்பட்டது. அனுமதியில்லாமல் ஒருமுறை நிகழ்த்தினால் குறைந்தபட்சம் நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டு, தண்டம். நாடகக் கம்பெனிகளை மனதில் வைத்துப் போட்ட தொகை. முப்பது வருடம் யாரும் பாட்டு விஷயத்தில் இதை எடுத்துப் பார்க்கவில்லை. 1870களில் ஹாரி வால் என்றொருவர் எடுத்துப் பார்த்தார். செத்துப்போன இசையமைப்பாளர்களின் வாரிசுகளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் நிகழ்த்துரிமைகளைச் சேகரித்தார். ஆசிரியர்களையும் இசைஞர்களையும் பாதுகாக்கும் அலுவலகம் என்ற தோரணையில் நீளமான ஒரு பெயர்ப்பலகை மாட்டினார். பிறகு கிராமம் கிராமமாக நடந்த தர்மக் கச்சேரிகள், ஒரு பென்னிக்கு நடந்த வாசிப்புக் கூட்டங்கள் இவற்றின் நிகழ்ச்சி நிரல்களைத் தேடிப்பிடித்தார். பாட்டைப் புத்தகக் கடையில் காசு கொடுத்து வாங்கி, ஏழைகளுக்கு நிலக்கரி வாங்கித் தருவதற்கான கூட்டத்தில் பாடிய பெண்ணுக்கு இரண்டு பவுண்டு கேட்டுக் கடிதம் போகும். சட்டப்படி கேட்கிறார், நீதிபதியும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனெனில் தொகையைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

கூச்சல் கிளம்பிப் பாராளுமன்றம் வரை போனது. 1882இல் ஒரு சட்டம்: நிகழ்த்துரிமை வேண்டுமென்றால் அச்சிட்ட ஒவ்வொரு பிரதியின் முகப்பிலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். 1888இல் இன்னொன்று: தண்டத்தொகை நீதிபதியின் விருப்பம். இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பதிப்பாளர்களே தங்கள் பிரதிகளில் 'இதைக் கட்டணமின்றிப் பொதுவில் பாடலாம்' என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வருமானம் காகிதத்தில் இருந்தது. யாராவது பாடினால்தானே காகிதம் விற்கும்! இதற்கும் ஒருபடி மேலே போய், பெயர்பெற்ற பாடகர்களுக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று பங்கு கொடுத்துப் பாடச் சொன்னார்கள். அதாவது பாடுகிறவன் காசு கொடுக்கவில்லை, வாங்கினான். 1914இல் அங்கே நிகழ்த்துரிமைச் சங்கம் தோன்றும்வரை ஏறக்குறைய இதே நிலைமை. உரிமை என்ற ஒன்று இயற்கையாக இருந்து, சட்டம் அதைக் கண்டுபிடித்தது என்ற கதையாடலை நம்புகிறவர்கள் இந்த முப்பது வருடங்களை விளக்க வேண்டும். காகிதம் விற்றவரை உரிமை உறங்கியது. காகிதத்தின் இடத்துக்கு கிராமபோனும் சினிமாவும் வந்தபோது அது விழித்துக்கொண்டது.

அமெரிக்காவிலும் அதே 1914இல் 'ஆஸ்காப்' பிறக்கிறது, விக்டர் ஹெர்பர்ட் அதன் முகம். நியூயார்க்கில் ஷான்லி என்ற பெரிய ரெஸ்டாரண்டில் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய 'ஸ்வீட்ஹார்ட்ஸ்' ஆப்பரெட்டாவின் பாட்டு பாடப்பட்டது, வழக்குப் போட்டார். 1909ஆம் வருடத்துச் சட்டம் லாபத்துக்காகச் செய்யும் நிகழ்த்துதலைத்தான் தடுத்தது. ஷான்லி சொன்னது: 'நான் பாட்டுக்கு டிக்கெட் வாங்கவில்லை, லாபம் இறைச்சியில்.' கீழ்க்கோர்ட்டுகள் தலையாட்டின. 1917 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஹோம்ஸ் மிகச் சுருக்கமாக எழுதிய தீர்ப்பு அதைப் புரட்டியது. சாப்பாடு வேறெங்கும் மலிவாகக் கிடைக்கும், இங்கே வருகிறவர்கள் வேறு ஏதோ ஒன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், பாட்டினால் வரும்படி இல்லையென்றால் கடைக்காரன் அதை நிறுத்தியிருப்பான், வரும்படி இருந்தால் அது வாடிக்கையாளர் பையிலிருந்துதான் வருகிறது - சாரம் இவ்வளவுதான். எனக்கு இதைவிடத் தெளிவான மார்க்சிய வாக்கியத்தை எழுதிய முதலாளித்துவ நீதிபதி நினைவுக்கு வரவில்லை. சூழல் என்பதே பண்டம் என்று 1917லேயே சொல்லிவிட்டார். இன்றைய காபிக் கடைகள் விற்பது என்ன, காபியா?

ஆனால் வசூலான பணம் யாருக்குப் போனது? இங்கேதான் நான் கொஞ்சம் நின்றுவிட விரும்புகிறேன். ஓட்டல், பார், நடன விடுதி எதுவாயினும் கட்டணம் இருக்கை எண்ணிக்கை, சதுர அடி, ஆட்டம் உண்டா இல்லையா என்ற கணக்கில் மொத்தமாக வாங்கப்படும். அங்கே அன்றாடம் என்ன பாடினார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைப்பது செலவு. ஆகவே வானொலியில் எது எத்தனை தரம் ஒலித்தது என்ற மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து, ஊர் முழுக்க அதுதான் ஒலித்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு பிரிப்பார்கள். ஒரு மூலை பாரில் உள்ளூர்ப் பையன்கள் சொந்தப் பாட்டுப் பாடினாலும், அந்த பார் கட்டிய பணம் அந்த வருடத்து வெற்றிப் பாட்டுக்குப் போகும். புள்ளியியல் இங்கே வெறும் அளவுகோல் அல்ல, அதுவே பங்கீடு. மையத்தில் ஒலித்தது விளிம்பிலும் ஒலித்ததாகக் கட்டமைக்கப்படுகிறது, பிறகு விளிம்பிலிருந்து மையத்துக்குப் பணம் ஓடுகிறது. அத்தாலி இதைத் தொட்டுக்காட்டுகிறார். ஆனால் 1981க்குப் பிறகு அதிபரின் ஆலோசகராகிவிட்ட மனிதர், அப்புறம் இதைப் பற்றி அவ்வளவு கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

சங்கத்துக்குள் யார் என்பதும் கேள்விதான். ப்ளூஸ் பாடிய கறுப்பர்களும் மலைநாட்டுப் பாட்டுக்காரர்களும் நெடுங்காலம் பெரும்பாலும் ஆஸ்காபுக்கு வெளியே. ஜாஸ் இசையின் தலைமக்களில் ஒருவரான ஜெல்லி ரோல் மார்ட்டனைச் சேர்த்துக்கொண்டது 1939இல். 1941இல் அவர் இறந்துபோனார். வெளியே கிடந்த இவர்களுக்கு வாசல் திறந்தது நியாய உணர்வு அல்ல, முதலாளிகளுக்குள் நடந்த சண்டை. வானொலி நிலையங்கள் கட்டண உயர்வை எதிர்த்து 1939இல் சொந்தமாக 'பிஎம்ஐ' என்ற போட்டி அமைப்பைத் தொடங்கின. 1941இல் பல மாதங்கள் ஆஸ்காப் பாட்டையே ஒலிபரப்பாமல், உரிமை காலாவதியான ஸ்டீபன் ஃபாஸ்டரின் பழைய பாட்டுக்களை வைத்து ஓட்டின. போட்டி அமைப்புக்கு ஆள் வேண்டும், ஒதுக்கப்பட்டவர்கள் கிடைத்தார்கள்.

*

இனி டீக்கடைக்கு மிக நெருங்கிய வழக்கு. பிட்ஸ்பர்க் நகரில் ஜார்ஜ் எய்க்கன் என்பவர் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். மொத்தமே 1,055 சதுர அடி. ஒரு ரேடியோ, கூரையில் நாலு ஸ்பீக்கர். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். 1972இல் ஒருநாள் அந்த ரேடியோவில் வந்த இரண்டு பாட்டுக்களுக்காக வழக்கு. ரேடியோ நிலையம் ஏற்கெனவே லைசென்ஸ் கட்டியிருக்கிறது. அதைத் திருப்பி வைத்துக் கேட்பவனும் 'நிகழ்த்துகிறானா'? ஓட்டல் அறைகளுக்குக் கம்பி வழியாக ரேடியோ கொடுத்த வழக்கில் 1931இல் அதே உச்ச நீதிமன்றம் 'ஆம்' என்றிருந்தது. 1975இல் எய்க்கனுக்கு 'இல்லை' என்றது. நீதிபதி ஸ்டூவர்ட் சொன்ன காரணத்தில் ஒரு நடைமுறைப் புத்தி உண்டு. இப்படி ரேடியோ வைத்திருக்கும் கடைகள் எண்ணற்றவை, எல்லோரையும் பிடிக்க முடியாது, ஒரே பாட்டுக்கு இரண்டு இடத்தில் கப்பமும் கூடாது.

எய்க்கனின் கோழிக்கடை அதோடு சரித்திரத்திலிருந்து மறைந்து ஓர் உருவகமாக மாறியது. 1976ஆம் வருடச் சட்டம் வீட்டில் வைத்துக்கொள்ளும் மாதிரியான ஒற்றை ரேடியோவுக்கு விலக்குக் கொடுத்தது. எய்க்கன் கடைதான் இதற்கு எல்லை, இதற்கு மேலே கிடையாது என்பது சட்டம் செய்தவர்கள் குறிப்பு. உடனே பெரிய துணிக்கடைச் சங்கிலியான கேப் அந்த விலக்குக்குள் நுழையப் பார்த்து 1981இல் தோற்றது. இவ்வளவு பெரிய கடைக்கு அந்தச் சலுகை எதற்கு என்று கேட்டது கோர்ட். தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ரெஸ்டாரண்ட் முதலாளிகளின் தேசிய அமைப்பு வருடக்கணக்கில் வாஷிங்டனில் காய் நகர்த்தியது. மேடையில் எப்போதும் சின்னக் கடைக்காரன்தான்: மூலை பார், அப்பா அம்மா நடத்தும் ரொட்டிக்கடை, மிரட்டுகிற வசூல்காரன். 1998 அக்டோபரில் பேரம் முடிந்தது. சினிமாக் கம்பெனிகள் கேட்ட இருபது வருட உரிமை நீட்டிப்பும், ரெஸ்டாரண்டுகள் கேட்ட விலக்கும் ஒரே சட்டத்தின் இரண்டு பாகங்களாக வெளிவந்தன. அந்தப் பக்கம் படைப்பாளிக்குச் செத்தபின் எழுபது வருடம், இந்தப் பக்கம் 3,750 சதுர அடிக்குக் குறைவான எல்லாச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பார்களுக்கும் ரேடியோ, டிவி இலவசம். மற்றக் கடைகளுக்கு 2,000 சதுர அடி. அதைவிடப் பெரிதானாலும் பரவாயில்லை, ஆறு ஸ்பீக்கருக்குள், ஓர் அறையில் நாலுக்குள் இருந்தால் போதும். எய்க்கனின் நாலு ஸ்பீக்கர் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்! 3,750 சதுர அடியைச் சின்னக் கடை என்று சொல்ல அமெரிக்காவில்தான் முடியும், எங்கள் ஊரில் அது கல்யாண மண்டபம்.

அந்த விலக்கு மேடையில் நேரடியாகப் பாடுகிறவனுக்கும் சிடி போடுகிறவனுக்கும் கிடையாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரேடியோ, டிவிக்கு மட்டும்தான். அதாவது உள்ளூர்ப் பாடகனைக் கூப்பிட்டு மேடை கொடுக்கிற சின்ன கிளப் கட்டணம் கட்ட வேண்டும். சுவரில் டிவி மாட்டினால் வேண்டாம். எந்தப் பக்கம் கடைக்காரனைத் தள்ளும் இந்தக் கணக்கு என்று விளக்கத் தேவையில்லை.

அயர்லாந்தின் இசைச் சங்கம் புகார் கிளப்ப, ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2000இல் தீர்ப்பாயம் பழைய வீட்டு ரேடியோ விலக்கு சரி, 1998ஆம் வருடத்துப் பெரிய விலக்கு டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றது. நஷ்டம் வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் யூரோ சொச்சம் என்று 2001இல் நடுவர்கள் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கா மூன்று வருடத்துக்கென்று 33 லட்சம் டாலர் கொடுத்தது. சட்டத்தை மாற்றவில்லை, இன்றுவரை மாற்றவில்லை. டிரிப்ஸ் என்று சொல்லித்தான் நம் விதையையும் மருந்தையும் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். தங்கள் ஊர் பார்க்காரன் விஷயம் என்றதும் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். வல்லரசு என்பது இதுதான் போல.

*

நம் பக்கம் வருகிறேன். 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் ஒரு பழைய இந்தியா அதில் உறைந்திருப்பது தெரியும். லாப நோக்கில்லாத மன்றத்தில் இசைத்தட்டுப் போடலாம். அமெச்சூர் கிளப் டிக்கெட் இல்லாத சபைக்கு முன் நிகழ்த்தலாம். குடியிருப்பவர்கள் பொதுவாகப் புழங்கும் கூடத்தில் போடலாம், ஆனால் அது ஓட்டலாக இருக்கக் கூடாது. ஆக டீக்கடை இந்த விலக்குக்குள் எங்குமே இல்லை. படிப்பகமும் மன்றமும் இருக்கின்றன, டீக்கடை இல்லை. தமிழ்நாட்டில் இந்த இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன என்பது டில்லிக்கு எப்படித் தெரியும்? டீக்கடை ரேடியோவுக்கு வேறு ஒரு கட்டணம் உண்டு என்பது வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தபாலாபீசில் கட்டும் ரேடியோ லைசென்ஸ், கடைக்குத் தனி வகை. எண்பதுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பணம் அரசுக்குப் போனது, பாட்டுக்காரனுக்கு அல்ல.

பாட்டுக்காரர்களின் சங்கம் இங்கே 1969இல் உருவானது: ஐபிஆர்எஸ். கட்டண அட்டவணை வெளியிட்டதும் சினிமாத் தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் எதிர்த்தார்கள். 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: காசு கொடுத்துப் பாட்டு எழுதச் சொன்ன தயாரிப்பாளர்தான் அதன் முதல் சொந்தக்காரர், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால். கிருஷ்ணய்யர் கடைசியில் ஓர் அடிக்குறிப்பு மாதிரிச் சேர்த்த பகுதி எனக்குப் பிடித்தது. இந்தச் சட்டத்தின் கண்ணில் சங்கீதம் என்பது காகிதத்தில் எழுதிய மெட்டு மட்டும்தான், குரலும் பாவமும் பாடுகிற முறையும் அதற்குத் தெரிவதில்லை, நம் மரபில் பாடகன்தானே இசை என்று வருத்தப்பட்டார். மாமாவின் மெட்டு காகிதத்தில் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் அன்றைக்குச் சங்கீதமே வாசிக்கவில்லை! 1994இல்தான் எழுதிவைக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது, பாடுகிறவர்களுக்கும் ஓர் உரிமை வந்தது. தயாரிப்பாளர் எதை எழுதி வாங்கினாலும் கவிஞனுக்கும் இசையமைப்பாளனுக்கும் உள்ள பங்கை எழுதி வாங்க முடியாது என்று ஆனதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருடம். இந்த முப்பத்தைந்து வருடத்தில்தான் மைக் செட்டுக்காரர்களும் டீக்கடைகளும் டவுன் பஸ் டிரைவர்களும் சேர்ந்து ஒரு முழு இசை உலகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது ஊரெல்லாம் நட்பையும் நன்றியையும் பற்றிப் பேசியதே தவிர, இந்த 1977ஐப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை.

நமக்கு இதில் ஒரு முன்கதையும் உண்டு. பாரதியின் பாட்டுக்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு வியாபாரியின் கை மாறி ஏவி.எம்.மிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்தபோது அது பிரச்சினையானது. கிளர்ச்சி எழுந்து, 1949இல் சென்னை அரசு உரிமையை ஏற்றது, பிறகு அது எல்லோருக்கும் பொதுவானது. பொதுவாக்கினார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம், சரிதான். ஆனால் அது செத்துப்போன ஒரு மகாகவிக்குச் செய்தது. உயிரோடிருக்கும் ஆர்மோனியக்காரருக்குப் பொது என்றால் என்ன, கம்பெனிக்குப் பொது என்றால் என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு தம்பி போன் பண்ணினான். எட்டு மேஜை போட்ட மெஸ் நடத்துகிறான், மூலையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். யாரோ ஒரு ஏஜென்ட் வந்து, இன்ன கம்பெனி சார்பில் என்று ஒரு தாளைக் கொடுத்து வருடக் கட்டணம் கட்டச் சொல்லியிருக்கிறார். 'அண்ணே, ரேடியோவுக்கு எங்கப்பா லைசென்ஸ் கட்டுனாரு, தெரியும். இது யாருக்குண்ணே போவுது?' என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாமல் இப்படி லைசென்ஸ் கொடுக்கிற தொழில் செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. உரிமை தன் கையில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அதற்கு நேர்மாறாகச் சொன்னது. கல்யாண வீட்டில் கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2023 ஜூலையில் அறிவிப்பே விட்டது, ஆனால் மெஸ் கல்யாண வீடு அல்ல. ஆகவே வந்தவர் யாருடைய ஆள், எந்தெந்தப் பாட்டுக்கு அவருக்கு உரிமை, பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேள், கொடுத்தால் பிறகு பார்க்கலாம் என்றேன். 'கட்டவே வேணாம்னு சொல்றீங்களா?' என்றான். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா ஞாபகம்.

ஹாரி வாலின் வேலைதான் இது என்று பாதி மனது சொல்கிறது. எட்டு மேஜைக்காரனைப் பார்த்தால் பரிதாபம் வருகிறது, ஆனால் அந்தப் பரிதாபத்தின் முதுகில் ஏறித்தானே 1998இல் 3,750 சதுர அடிக்காரர்கள் உள்ளே வந்தார்கள்? படைப்பாளியைப் பார்த்தால் பரிதாபம் வருகிறது, அதன் முதுகில் ஏறித்தான் கொலம்பியே முதல் கேசட் கம்பெனிக்காரர் வரை வந்தார்கள். எட்டு மேஜைக்காரன் கொடுக்கும் ரூபாயில் ஒரு காசாவது போய்ச் சேர வேண்டிய ஆள் யார் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் அந்த மெஸ்ஸிலும் இல்லை, ஏஜென்டிடமும் இல்லை.

அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பின்பக்கத்தில் அவர்கள் உரிமை கோரும் கேசட், இசைத்தட்டுப் பெயர்களின் பட்டியல் ஒன்று, பொடி எழுத்தில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தேன். சினிமா, பக்தி, கிராமியம் என்று போகிறது. கிராமியத்தில் 'வள்ளி திருமணம், பாகம் 1, 2, 3' என்று இருந்தது. எந்த வள்ளி திருமணம் என்று போடவில்லை, வாசித்தவர் பெயரும் இல்லை. தம்பியிடம் அந்தக் கேசட்டை எங்காவது கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். 'இல்லண்ணே, நம்ம கடையில எஃப்எம்தான் ஓடுது' என்றான்.